ஆழத் தண்ணிக்குத் தூண்டில் கட்டுவோம்
(பாலையூற்றுக்கு வந்த தோட்டக் குடும்பங்கள் முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கொத்மலைத் தண்ணி மகாவலியோடு சேர்ந்து, மூதூர்ப் பக்கமாக எங்கள் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. ஆகவே நாம் அன்னியர் அல்ல. ஒரே தண்ணியின் மேல் பக்கம் நீங்கள், கீழ்ப் பக்கம் நாங்கள்.

திருகோணமலைத் துறைமுகம் உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே அடி தெரியாது. உங்கள் பக்கத்து நீர்த்தேக்கங்களும் அப்படித்தான். 1985இல் கட்டி முடித்த கொத்மலை அணையின் உயரம் 87 மீற்றர். ஓடையில் மீன் பிடிக்கிற தூண்டிலை அந்தத் தண்ணியில் போட்டால் மீனும் வராது, ஆபத்தும் உண்டு. அதனால்தான் இன்றைக்கு இதைப் பற்றிப் பேச வந்தோம்.

முதலில் கம்பு. முற்றிய, நேரான மூங்கிலை வெட்டி நிழலில் காய வையுங்கள். 12 முதல் 15 அடி போதும். தங்கூசியை நுனியில் மட்டும் முடியாமல், கம்பின் மேலேயே கொண்டுவந்து நடுவிலும் பிடியிலும் கட்டுங்கள். நுனி முறிந்தாலும் மீன் கைவிட்டுப் போகாது. கம்பின் நீளத்துக்கு மேல் ஆழமென்றால் கம்பை விட்டுவிட்டுக் கைத்தூண்டில் போடுவதே சரி. நூல் கம்பை விட நீண்டால் மீனைக் கைக்கு எடுக்க முடியாது.

அடுத்தது மிதப்பு. பழைய ரப்பர் செருப்புத் துண்டே நல்ல மிதப்பு. ஆழமில்லாத குளத்தில் சின்ன மிதப்பும் சின்ன ஈயமும் போதும். ஆழத்தில் அது சரிவராது. இரை மெல்ல மெல்ல இறங்குகிற நேரத்தில் மேலே திரியும் குஞ்சு மீன்கள் அதைக் கொத்தித் தின்றுவிடும். காற்றும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே மிதப்பு கொஞ்சம் பெரிசு, பாரமும் அதற்கேற்ற மாதிரி. பாரத்தின் பெரும் பகுதியை முள்ளுக்கு 2 அல்லது 3 அடி மேலே ஒன்றாகச் சேர்த்துக் கட்டுங்கள். அதற்கும் முள்ளுக்கும் நடுவில் சின்னதாக இன்னொன்று. பெரிய பாரம் சட்டென்று கீழே கொண்டுபோகும். கடைசி 2 அடியில் இரை இயல்பாக விழும்.

வீட்டு வாளியில் போட்டுப் பாருங்கள். மிதப்பின் தலை மட்டும் தெரிய வேண்டும். அதிகம் தெரிந்தால் இழுக்கிற மீனுக்குப் பாரம் தெரியும், இரையைத் துப்பிவிட்டுப் போய்விடும்.

ஆழம் பார்க்க முள்ளில் ஒரு இரும்பு நட்டைத் தொங்க விட்டுப் போடுங்கள. மிதப்பு முழுசா முங்கினால் இன்னும் ஆழம் இருக்கிறது, மிதப்பை மேலே தள்ளுங்கள். படுத்துக் கிடந்தால் நூல் அதிகம், கீழே இறக்குங்கள். மீன் பெரும்பாலும் அடியை ஒட்டித்தான் மேயும். இதைப் பார்க்காமல் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் வீண்தான்.

இப்போது சொல்வதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்கவேண்டும். முள்ளோடு கட்டுகிற கடைசி ஒரு முழத் தங்கூசி, மேல் தங்கூசியை விட மெல்லியதாக இருக்க வேண்டும். நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மரக்கட்டைகளும் கல்லும் கிடக்கும். முள் மாட்டும். மெல்லிய துண்டு அறுந்தால் போவது ஒரு முள் மட்டுமே. எல்லாமே ஒரே தடிப்பாக இருந்தால் அறுக்க முடியாது. அப்போது பிள்ளை என்ன செய்வான்? "மிதப்பும் போகுதே" என்று தண்ணிக்குள் இறங்குவான். கரைச்சேறு வழுக்கும், ரெண்டு அடி தள்ளினால் ஆழம். ஒரு முள்ளின் விலைக்கு ஒரு பிள்ளையைக் கொடுக்கலாமா? அறுந்து போகும்படி கட்டுவதுதான் உண்மையான கெட்டித்தனம். மாட்டினால் தங்கூசியை ஒரு குச்சியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராக இழுங்கள். கையில் சுற்றினால் அறுத்துவிடும்.

ஈயத்தைப் பல்லால் கடித்து நசுக்காதீர்கள். ஈயம் விஷம். பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் கெடுக்கும். தூண்டில்காரர் விட்ட ஈயத்தை விழுங்கி அன்னப் பறவைகள் செத்ததால் இங்கிலாந்தில் 1987இல் சின்ன ஈயக்குண்டுகளைத் தடைசெய்தார்கள். நாம் இரும்பு நட்டுகளைப் பாவிக்கலாம். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் ரொட்டி தின்ன வேண்டாம்.

கம்பைத் தூக்கும்முன் மேலே பாருங்கள். மின்கம்பி போகிற இடத்தில் ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். தனியாகப் போக வேண்டாம். அனுமதி இல்லாத இடத்தில் இறங்க வேண்டாம். டைனமைட்டும் நஞ்சும் மீன்பிடிக்கு 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். எங்கள் கடலில் டைனமைட் செய்த நாசம் எங்களுக்குத் தெரியும். குஞ்சோடு செத்தால் அடுத்த வருசம் எதைப் பிடிப்பது?

உங்கள் பக்கத்து இளைஞர்கள் போட்டி வைக்க விரும்பினால் நல்ல விசயம்தான். இங்கிலாந்துக்காரர் பொப் நட் 4 தடவை உலகத் தூண்டில் போட்டியில் வென்றார். 1990, 1991, 1994, 1999. இப்படிப்பட்ட போட்டிக்காரர்கள் ஒரே மாதிரி தூண்டில்களை முன்கூட்டியே கட்டி வைத்திருப்பார்கள். நீங்களும் ஆளுக்கு மூன்று கட்டி அட்டையில் சுற்றி வையுங்கள். ஒன்று அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்காமல் அடுத்ததை மாட்டலாம். எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே மாதிரி இடம். தராசு எல்லார் கண் முன்னாலும் நிற்க வேண்டும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு கிலோ குறைந்தால் மனசு எப்படி நோகும் என்று உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

திலாப்பியாவுக்குச் சின்ன முள்ளும் மண்புழுவும் போதும். பெரிய செலவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை லயத்தில் மீன் குழம்பு மணக்கட்டும். பிடிக்கப் போன பிள்ளையும் பத்திரமாக வீடு வந்து சேரட்டும்.