செங்கோலும் எழுதுகோலும்



இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கே மொரீசியசு என்றொரு சிறு நாடு. பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே சென்று குடியேறினர். 1834க்குப் பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறியவர்களிலும் தமிழர் பலர்.

அந்நாடு 1968 மார்ச் 12ஆம் நாள் விடுதலை பெற்றது. ஆயினும் 24 ஆண்டுகள் பிரித்தானிய அரசியே அதன் தலைவியாக விளங்கினார். 1992 மார்ச் 12இல்தான் அது குடியரசாயிற்று. முதல் குடியரசுத் தலைவராக அமர்ந்தவர் தமிழ் வழிவந்த வீராசாமி ரிங்காடு.

அப்பதவியின் இயல்பு யாது? பிரதமர் முன்மொழிய, தேசிய சட்டமன்றம் அவரைத் தேர்ந்தெடுக்கிறது. காலம் 5 ஆண்டுகள். பிரெஞ்சுக்காரர் எழுப்பிய பழைய மாளிகை அவர் உறைவிடம். தூதுவர்களை வரவேற்பார், விழாக்களுக்குத் தலைமை ஏற்பார், பெரும்பாலும் அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடப்பார். சட்டமன்றம் நிறைவேற்றிய சட்ட முன்வரைவை ஒருமுறை மறு ஆய்வுக்குத் திருப்பியனுப்பலாம். அது மீண்டும் நிறைவேறி வந்தால் ஒப்பமிட்டே ஆகவேண்டும்.

அப்படியானால் அவர் வெறும் முத்திரைக் கட்டைதானா? ஆட்டின் தாடியோடு ஆளுநர் பதவியை ஒப்பிட்டு எள்ளிய தமிழ் மேடைக்கு இந்த வினா புதிதன்று. 2002ஆம் ஆண்டில் அத்தீவு இதற்கொரு விடை தந்தது.

2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதல்களுக்குப் பின், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமொன்றை மொரீசியசு அரசு கொண்டுவந்தது. ஐயத்துக்கு உரியவரை வழக்கறிஞரைக் காணவிடாமல் 36 மணி நேரம் காவலில் வைக்க அது வழி செய்தது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் காசம் உத்தீம்; 1992 சூன் முதல் அப்பதவியை வகித்தவர். அச்சட்டத்திற்கு ஒப்பமிட அவர் மனம் இசையவில்லை. 2002 பிப்ரவரி 15இல் பதவி துறந்தார்.

பொறுப்பு, துணைத்தலைவரிடம் வந்தது. அவர் அங்கிடி செட்டியார், தமிழ் வழிவந்தவர். அவரும் ஒப்பமிடவில்லை, பிப்ரவரி 18இல் அவரும் விலகினார். அரசியலமைப்பின்படி தலைமை நீதிபதி அரிரங்கா பிள்ளை தற்காலிகத் தலைவரானார். அவர் ஒப்பமிட்டார், சட்டம் சட்டமாயிற்று.

‘இருவர் விலகியும் சட்டம் நிற்கவில்லையே, என்ன பயன்?’ என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்விதான். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் முடிவை, மக்கள் வாக்களித்து அமர்த்தாத ஒருவர் தடுத்து நிறுத்துவது மக்களாட்சி ஆகாது. ஒப்பமிட்ட நீதிபதியும் அரசியலமைப்பு விதித்த கடமையையே செய்தார். அவரைக் குறை கூறுதல் முறையன்று.

ஆயினும் முன்னிருவர் செய்ததன் பெருமை இதனால் குன்றாது. அரசியலமைப்பை அவர்கள் மீறவில்லை; மனச்சான்றையும் விற்கவில்லை. இரண்டையும் ஒருசேரக் காக்க ஒரே ஒரு வாயில்தான் இருந்தது. அது மாளிகையை விட்டு வெளியேறும் வாயில். அவ்வழியே இருவரும் நடந்தனர். சட்டம் நிற்கவில்லை என்பது உண்மை. எனினும் அந்தச் சட்டத்தில் அஞ்சத்தக்கது ஏதோ உண்டென்று நாடு முழுதும் அறிந்தது. அதிகாரமற்ற பதவிக்கு உரிய அதிகாரம் அதுவே.

வளைந்த கோலை நிமிர்த்தத் தன் உயிரையே ஈந்த பாண்டியனைச் சிலம்பில் கண்டவர்கள் நாம். அவன் தவறிழைத்த பின் துறந்தான்; இவர்கள் தவறென்று கருதியதைச் செய்யுமுன்னரே துறந்தனர். உயிரன்று, பதவியே துறந்தனர். எனினும் பதவிக்காக எதையும் துறப்போர் மிகுந்த காலத்தில் அது சிறிதன்று. செட்டியார் 2007இல் மீண்டும் துணைத்தலைவரானார். 2010இல் அப்பதவியில் இருக்கும்போதே மறைந்தார். மறுத்த கையை நாடு வெறுக்கவில்லை.

அந்த இருவரிடமும் படையில்லை, கருவூலமில்லை. இருந்தது ஓர் எழுதுகோல் மட்டுமே. கவிஞர்களிடம் இருப்பதும் அதுவே. பாராட்டுரையும் வாழ்த்துப்பாவும் கேட்டு வருவோர் பலர். எதற்குக் கீழே தன் பெயரை எழுதலாகாது என்று அறிந்த கைதான், எழுதும்போது நம்பத்தக்கதாகிறது. பத்தாண்டு நிறைவு காணும் இம்மன்றத்தின் எழுதுகோல்கள் அத்தகைய கைகளில் நெடிது வாழ்க.