அட்டையில் அசையும் ஓவியம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டும் எழுத்தருக்கு ஓவியத்தைப் பற்றி என்ன பேச்சு எனச் சிலர் எண்ணலாம். தமிழகத்தில் ஊர் ஊராகச் சென்று அசையும் படம் காட்டிய முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் அவர்களும் திருச்சிராப்பள்ளியில் இரயில்வே பணியில் இருந்தவரே. 1905ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கிப் புறப்பட்டார் அவர். ஆகவே இப்பொருளில் நமக்கும் சிறிது உரிமை உண்டு.

இன்று நம் காலனிப் பிள்ளைகள் நாள்தோறும் கைப்பேசியில் படம் காண்கின்றனர். விரல் பட்டதும் படம் ஓடுகின்றது. அஃது எவ்வாறு ஓடுகின்றது என்று மட்டும் அவர்கள் கேட்பதில்லை. தொடக்கப் பள்ளியிலேயே அவ்வினாவை எழுப்ப வல்லது அட்டை வேலை. இதற்குப் பெருஞ்செலவு இல்லை. பழைய திருமண அழைப்பிதழ், கத்தரிக்கோல், நூல், பசை ஆகியவை போதும்.

முதலாவது, நெம்புகோல். ஓர் அட்டையில் கம்பம் வரைந்து, அதன் உச்சியில் சிக்னல் கையை வைத்துத் துளையிட்டு, நூலை இருபுறமும் முடிச்சிட வேண்டும். துளைக்கு இப்பால் நீளும் சிறு வாலை மேலே தள்ளினால், அப்பால் உள்ள நீண்ட கை கீழே இறங்கும். வால் சிறிது நகர, கைநுனி மிகுதியாக நகர்வதைப் பிள்ளை கண்டுகொள்ளும். மேல்வகுப்பில் வரும் பாடம் அங்கேயே கைக்குள் வந்துவிடுகின்றது.

இரண்டாவது, நழுவு பட்டை. அட்டையில் இரண்டு கீறல்கள் இட்டு, அவற்றினூடே நீண்ட பட்டையொன்றைக் கோத்து இழுத்தால், பட்டையில் வரைந்த இரயில் வண்டி நிலையத்தினுள் நுழைந்து வெளியேறும்.

மூன்றாவது, சுழல் அட்டை. 1825ஆம் ஆண்டில் லண்டனில் விற்பனைக்கு வந்த விளையாட்டுப் பொருள் இது. ஒரு புறம் பறவை, மறுபுறம் கூண்டு. இரு பக்கமும் நூல் கட்டி முறுக்கிவிட்டால், பறவை கூண்டுக்குள் அமர்ந்ததாகத் தோன்றும். ஒரு காட்சி மறையுமுன் மறுகாட்சி வந்துவிடுவதால் கண் இரண்டையும் ஒன்றாகவே கொள்கின்றது.

நான்காவது, புரட்டு ஏடு. 1868ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் பார்ன்ஸ் லின்னெட் என்பார் இதற்குக் காப்புரிமை பெற்றார். 24 சிறு தாள்களில், ஒன்றற்கொன்று சிறிதே வேறுபடும்படி, துள்ளும் பந்தை வரைந்து, ஓரத்தைத் தைத்துப் பெருவிரலால் புரட்ட வேண்டும். திரைப்படத்தில் ஒரே நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அந்த ஒரு நொடிக்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதைத் தம் கையாலேயே வரைந்த பிள்ளை என்றும் மறவாது.

இனி, நம் சங்கத்துக்குரிய செய்திக்கு வருவோம். இவ்வயலூரில் நம் இல்லங்களில் தமிழ் பேச்சாக இருக்கின்றது, எழுத்தாக இல்லை. ஊரிலிருந்து வரும் அழைப்பிதழில் அச்சிட்டுள்ள தம் பெயரையே எழுத்துக்கூட்ட இயலாத பிள்ளைகள் நம்மிடையே வளர்கின்றனர். அவ்வழைப்பிதழையே சுழல் அட்டை ஆக்குவோம். ஒரு புறம் ‘க’ என எழுதி, மேல்விளிம்பு கீழே வருமாறு அட்டையைப் புரட்டி, இப்போது மேலே உள்ள விளிம்பருகே நடுவில் ஒரு புள்ளி வைத்துச் சுழற்றினால் ‘க்’ தோன்றும். புள்ளிக்கு மாற்றாக இடப்பக்கம் ஒற்றைக் கொம்பும் வலப்பக்கம் காலும் எழுதினால் ‘கொ’ தோன்றும். உயிர்மெய் பிறக்கும் வகையைப் பிள்ளைகள் கண்ணாரக் காண்பார்கள்.

“மதிப்பெண்ணுக்கு உதவுமா?” என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். தாய்மொழியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் திறன் எந்த மதிப்பெண் பட்டியலில் அடங்கும்? ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பில் ஒரு மணி நேரத்தை அட்டை வேலைக்கு ஒதுக்குமாறு சங்கத்தாரை வேண்டுகின்றோம். பெற்றோர் பழைய அழைப்பிதழ்களைக் கொடுத்து உதவுக. ஆனால் தாமே வெட்டிக் கொடுக்காதிருப்பாராக. தந்தையார் வெட்டினால் அட்டை நேராகும். பிள்ளை வெட்டினால் அறிவு நேராகும்.

அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையின் ஓரத்தே பிள்ளைகளின் அட்டைகள் வரிசையாய் அசையட்டும்.