கரிபட்ட கையும் கற்ற கையே
(திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியன் ஊர்திப் பொறியைப் பற்றிப் பேசப் போகின்றான் என்றதும் உங்களுள் சிலர் முறுவலிக்கின்றீர்கள். முறுவலியுங்கள். நான் என் பிழையொன்றை இவ்வவையில் ஒப்புக்கொள்ளவே வந்துள்ளேன்.

என் தமக்கையார் மகன் இளமையில் என் வீட்டில் தங்கிப் படித்தவன். பள்ளி விட்டதும் தெருமுனைப் பட்டறையில் போய் நிற்பான். கையெல்லாம் கரியும் எண்ணெயுமாய் வருவான். 'ஏடு தொடும் கையை இப்படிக் கெடுக்கலாமா?' என்று கடிந்தேன். ஒருநாள் பிரம்பையும் எடுத்தேன். அதன்பின் அவன் அப்பக்கம் போகவில்லை. நன்கு படித்தான், அமெரிக்க நாட்டு டெக்சாசில் பணியமர்ந்தான். 2023-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அவன் இல்லத்திற்குச் சென்றிருந்தேன்.

வீட்டை ஒட்டிய கொட்டிலில் 1984-ஆம் ஆண்டுச் செவர்லே பிக்கப் வண்டி ஒன்று முன்முகம் கழற்றப்பட்டு நின்றது. 5.7 இலிட்டர் கொள்ளளவும் எட்டு உருளைகளும் கொண்ட பொறி. அதன் 'கேம்சாப்ட்' தேய்ந்துவிட்டது. பட்டறையில் கேட்ட கூலி வண்டியின் விலையையே எட்டியது. எனவே, தானே மாற்ற முனைந்திருந்தான். 'மாமா, அந்தக் குறடை எடுங்கள்' என்றான். எடுத்தேன். அன்று தொடங்கியது என் படிப்பு.

கேம்சாப்ட்டை நாம் நெம்புருள் தண்டு என்போம். வட்டமாயிராது ஒரு பக்கம் மூக்குப்போல் நீண்ட உருள், சுழலுந்தோறும் தன்மேல் நிற்பதை நெம்பித் தூக்கும், ஆதலின் நெம்புருள். இப்பொறியின் தண்டில் அத்தகைய நெம்புருள்கள் 16. ஒவ்வொன்றின்மேலும் ஒரு தூக்கி; அதன்மேல் தள்ளுகோல்; அதன்மேல் ஆடுகோல்; ஆடுகோல் அழுத்த, 'வால்வு' திறக்கும். வால்வு என்பது இலத்தீனில் கதவின் மடலைக் குறித்த சொல்லின் வழிவந்தது. அவர்கள் தம் வீட்டுக் கதவின் பெயரையே பொறிக்கு இட்டனர். நாம் கதவம் என்றால் நகைப்பவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கீழே சுழலும் 'கிராங்க்சாப்ட்'டை வணரித்தண்டு என்க. வணர் என்பது வளைவு. யாழின் வளைந்த கோட்டுக்குப் பழம்பாடல்களில் அடையாக வரும் சொல். வணரித்தண்டு இருமுறை சுழல, நெம்புருள் தண்டு ஒருமுறை சுழலும். இவ்விரண்டையும் பல்லுருளிகளும் சங்கிலியும் பிணைக்கின்றன.

இனிப் பணியைக் கேளுங்கள். மின்கலத்தின் இணைப்பை நீக்கி, குளிர்நீரை வடித்து, ரேடியேட்டரையும் விசிறியையும் நீரிறைப்பியையும் கழற்றவேண்டும். பின் மேலேயுள்ள வளிக்குழாய்த் தொகுதியையும் தீப்பொறிப் பகிர்வியையும் எடுக்கவேண்டும். ஆடுகோல்களைத் தளர்த்தித் தள்ளுகோல்களையும் தூக்கிகளையும் உருவவேண்டும். முன்மூடியைத் திறந்து சங்கிலியை நீக்கினால் தண்டின் முனை தெரியும். அம்முனையில் நீண்ட மரையாணிகளைத் திருகிப் பிடியாக்கிக்கொண்டு, மெல்ல மெல்ல இழுக்கவேண்டும். தண்டைத் தாங்கும் ஐந்து தாங்கிகளும் மெல்லிய மாழையால் ஆனவை. நெம்புருளின் விளிம்பு கீறினால் கெட்டுவிடும்.

வெளிவந்த தண்டைக் கண்டு வியந்தேன். அது புதுத்தண்டு போலவே இருந்தது; ஆனால் மூன்று நெம்புருள்களின் மூக்கு மழுங்கிப் போயிருந்தது. மருமகன் தலைகுனிந்து சொன்னான்: 'இது நான் நான்கு திங்களுக்கு முன் போட்டதுதான், மாமா. செலவுக்கு அஞ்சிப் பழைய தூக்கிகளையே மீண்டும் வைத்தேன்.'

அதுதான் பிழை. இவ்வகைப் பொறியில் நெம்புருள் சிறிதே சரிவாகவும் தூக்கியின் அடி சிறிதே குவிந்தும் இருக்கும். அதனால் தூக்கி ஏறி இறங்கும்போதே தானும் சுழல்கின்றது. தேய்வு ஓரிடத்தில் குவியாது. பழைய தூக்கி தன் பழைய நெம்புருளுக்கேற்பத் தேய்ந்து படிந்தது. புதியதன்மேல் வைத்தால் சுழலாது அரைக்கும். புதுத்தண்டுக்குப் புதுத்தூக்கிகளே வேண்டும். மாழைத்துகள் கலந்த எண்ணெயையும் வடிப்பியையும் மாற்றி, அடித்தட்டைக் கழற்றித் துடைக்கவும் வேண்டும்.

பூட்டும்போது பல்லுருளிகளிலுள்ள இரு புள்ளிகளும் ஒன்றையொன்று நேர்நோக்க வேண்டும். அந்நிலையில் முதலுருளை தீப்பற்ற நிற்பதாகப் பலர் எண்ணுவர். அன்று, நிற்பது ஆறாம் உருளை. வணரித்தண்டை இன்னும் ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால்தான் முதலுருளையின் முறை வரும். இதனை அறியாது பகிர்வியைப் பொருத்தினால் பொறி ஓடாது. மேல்வாய் வழியே தீக் கக்கும்.

கிளப்புமுன், பகிர்வியின் துளை வழியே நீண்ட கோலை இறக்கி, துளைப்பொறியால் எண்ணெயிறைப்பியைச் சுழற்றினான். ஆடுகோல்களில் எண்ணெய் கசிந்த பின்னரே பகிர்வியைப் பொருத்திப் பொறியைக் கிளப்பினான். கிளம்பியதும் மெல்ல ஓடவிடவில்லை. மணித்துளிக்கு 2,000 முதல் 2,500 சுற்று விரைவில் இருபது மணித்துளி ஓடவிட்டான். வணரித்தண்டு வீசியெறியும் எண்ணெயே நெம்புருள்களை நனைப்பதால், மெல்ல ஓடினால் அவை வறண்டு தேயும். எண்ணெயிலும் கருத்து வேண்டும். தேய்வைத் தடுக்கும் நாகமும் பாசுபரசும் சேர்ந்த சேர்மம் இற்றை எண்ணெய்களிற் குறைக்கப்பட்டுள்ளது. புகைத்தூய்மிக்குப் பாசுபரசு கேடு செய்வதே அதற்குக் கரணியம். பழைய பொறிக்கு அச்சேர்மம் மிகுந்த எண்ணெயைத் தேடி வாங்கியிருந்தான்.

அந்த இருபது மணித்துளியும் நான் மூச்சடக்கி நின்றேன். பொறி சீராக ஓடிற்று. கையைத் துடைத்துக்கொண்டே அவன் சொன்னான்: 'சிறுவயதில் அந்தப் பட்டறைப் பெரியவரிடம் இன்னும் ஈராண்டு நின்றிருந்தால், பழைய தூக்கியை வைக்கக்கூடாது என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்கும், மாமா.' குறைகூறிச் சொல்லவில்லை, இயல்பாகவே சொன்னான். என் பிரம்பை அவன் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

பெருமக்களே! மரை, ஆணி, குறடு, அரம், உலை, துருத்தி என்னும் தூய சொற்களை நமக்குக் காத்துத் தந்தவர் யார்? ஏடெழுதியவர் மட்டுமா? கரிபட்ட கையினரும் அன்றோ! அவரை இழிவாய் நோக்கிக்கொண்டே, பொறிகளுக்குத் தமிழில் பெயரில்லை என்று நாம் வருந்துகின்றோம். பொருளைத் தொடாதவன் படைக்கும் சொல் பட்டறைக்குப் போய்ச் சேராது.

ஆசிரியர்களே, பட்டறைக்குப் போகும் மாணவனைத் தடுக்காதீர்கள். அவனோடு நீங்களும் போங்கள். பெற்றோரே, கறைபட்ட கையோடு வரும் பிள்ளையிடம் 'இன்று என்ன கற்றாய்?' என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன். நீங்கள் தவறாதீர்கள்.