கடைசி வரியைக் கேளுங்கள்
(திருவண்ணாமலையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



ஐ.பி.எல். பார்க்கும் வீட்டில் ஓவருக்கு ஓவர் விளம்பரத்தையும் பார்க்கிறோம். 2009-ல் வந்த வோடபோன் 'ஜூஜூ'க்கள் நினைவிருக்கும். கார்ட்டூன் என்று நினைத்தோம். வெள்ளை உடைக்குள் இருந்தவர்கள் மனிதர்கள். பேச்சு புரியாது, சொல்ல வந்த சேவை புரிந்தது. சிரித்தோம், அவ்வளவுதான்.

2020-ல் போட்டியின் பெயரோடு 'டிரீம் லெவன்' சேர்ந்தது. பணம் கட்டி ஆடும் செயலிகளுக்குப் பிள்ளைகள் மதிக்கும் வீரர்களே விளம்பரம் செய்தார்கள். அழைப்பு நிதானமாக வந்தது. 'பண இழப்பு நேரலாம், அடிமையாகலாம்' என்ற எச்சரிக்கை கடைசியில் ஓடி மறைந்தது. நல்ல வியாபாரி சரக்கின் குறையையும் நின்று சொல்லுவார்.

கல்விக் கட்டணத்துக்கு உதவி கேட்டு ஒரு தாய் நம்மிடம் வந்தார். சேர்த்து வைத்த பணத்தை மகன் ஏதோ ஒரு செயலியில் தொலைத்திருந்தான்.

2025 ஆகஸ்டில் இத்தகைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நல்லது. ஆனால் அந்த இடத்துக்கு நாளை வேறொன்று வரும். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். விளம்பரம் முடிந்ததும் கேளுங்கள்: "கடைசியில் வேகமா என்னப்பா சொன்னாங்க?" அதைக் கவனிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் காவல் கிடைத்துவிடும்.