நகர மரத்தின் வேரும் நாற்றங்காலின் மண்ணும்

நகரப் பசுமை குறித்து ஆராயக் கூடியுள்ள இம்மாநாட்டில் வனவியல் அறிஞர்களும் மண்ணியல் ஆய்வாளர்களும் மாநகராட்சிப் பூங்காத் துறையினரும் நாற்றங்கால் நடத்துவோரும் ஒரே அவையில் அமர்ந்திருப்பது பெரிதும் வரவேற்கத்தக்கது. சாலையோர மரத்தைப் பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் பெரும்பாலும் அது நடப்படும் நாளிலும் வீழும் நாளிலும் மட்டுமே எழுகிறது. விதை முளைத்து ஒரு பாலித்தீன் பைக்குள் வேர்விடும் முதல் ஓரிரு ஆண்டுகள் எவர் கவனத்துக்கும் வருவதில்லை. அந்த ஓரிரு ஆண்டுகளில் வேருக்கு நேர்வதே பிற்காலத்தில் மரம் நிலைத்து நிற்குமா என்பதைப் பெரிதும் முடிவுசெய்கிறது என்பதும், ஆகவே நகர மரம் பற்றிய ஆராய்ச்சி நாற்றங்காலின் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுமே இத்தலைமையுரையின் கருத்தாகும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. குல்மொகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற அயலக மரங்கள் மிகுதியாக வீழ்ந்ததைக் கண்டு, நாட்டு மரங்களை நட்டால் போதும் என்ற முடிவுக்குப் பலர் வந்தனர். அம்முடிவில் உண்மை உண்டு என்றாலும், அதே புயலில் வேம்பும் வீழ்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், மர வகை ஒன்றை மட்டும் காரணமாகக் கொள்ள இயலாது என்பது விளங்கும். காற்றை எதிர்த்து ஒரு மரத்தைப் பிடித்து நிறுத்துபவை அடிமரத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் ஆரம்போல விரியும் பக்கவேர்கள். அவற்றுள் பெரும்பாலானவை மேல்மண்ணின் முதல் 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே, கிளைகளின் விரிவையும் தாண்டிப் படர்பவை. ஆணிவேர் பாதாளம்வரை இறங்கி மரத்தைக் காக்கிறது என்ற பரவலான நம்பிக்கை நகர மண்ணில் பெரும்பாலும் பொருந்துவதில்லை. மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது இப்பக்கவேர்களே அறுபடுகின்றன. அடிமரம்வரை சிமென்ட் பூசும்போது இவற்றுக்கே மூச்சு அடைக்கிறது. இவ்விரு கேடுகளும் கண்ணுக்குத் தெரிபவை, ஏற்கெனவே பலராலும் பேசப்படுபவை. மூன்றாவது கேடு, கன்று நாற்றங்காலைவிட்டு வெளியேறும் முன்பே அதன் வேரில் குடிகொண்டுவிடுவதால், எவரும் காணாமலே நடப்பட்டுவிடுகிறது.

13 × 25 செ.மீ. அளவுள்ள வழக்கமான நாற்றங்கால் பையொன்றில் ஓராண்டுக்கும் மேலாக நின்ற வேம்பையோ புங்கத்தையோ எடுத்து, பையைக் கிழித்து, ஒரு வாளி நீரில் மண்ணை மெல்லக் கரைத்துப் பார்த்தால் அக்கேடு தெளிவாகப் புலப்படும். நேராக இறங்கிய ஆணிவேர் பையின் அடியைத் தொட்டதும் திரும்பி, வழியின்றி வட்டமிட்டு, சும்மாடு போலச் சுருண்டு கிடக்கும். வழுவழுப்பான பக்கச் சுவரில் முட்டிய பக்கவேர்கள் வெளியே விரிவதற்கு மாறாகத் தண்டைச் சுற்றி வளையமிட்டிருக்கும். அந்நிலையிலும் மேலே இலைகள் பளபளவென்று பசுமையாகவே இருக்கும் என்பதுதான் வாங்குவோரை ஏமாற்றுகிறது. இவ்வளையங்கள் இளவேராக இருக்கும்வரை வளையும் தன்மை உடையவை; மரத்தன்மை அடைந்தபின், நல்ல நிலத்தில் நட்டாலும் அவை நிமிர்வதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லத் தண்டும் பருக்க, வளைந்த வேரும் பருக்க, ஒன்றையொன்று நெரித்து, நீரையும் உணவையும் கடத்தும் திசுக்களை அழுத்துகின்றன. இவ்வாறு தண்டை நெரிக்கும் வேரை நெரிவேர் எனலாம். நெரிவேர் கொண்ட மரம் பத்து, பதினைந்து ஆண்டுகள் நிழல் தந்துவிட்டு, ஒரு பெருங்காற்றில் அடியோடு சாயும்போது பழி காற்றின்மேல் விழுகிறது.

நகரத்துக்கு உயரமான கன்று தேவை என்பதற்காகச் சிறு பையிலிருந்து பெரும்பைக்கு மாற்றும் வழக்கம் இக்கேட்டை இரட்டிப்பாக்குகிறது. வேரைத் தொடாமல் அப்படியே மாற்றினால் முதல் பையின் வளையம் உள்ளே மறைந்திருக்க, இரண்டாம் பையின் வளையம் வெளியே உருவாகிறது. அன்றியும், மாற்றும் ஒவ்வொரு முறையும் தண்டின்மேல் இரண்டு விரற்கடை மண் கூடுதலாகக் கொட்டப்படுவதால், தண்டும் வேரும் சந்திக்கும் இடமாகிய வேர்க்கழுத்து மண்ணுக்குள் புதைந்துபோகிறது. வேர்க்கழுத்து எப்போதும் மண்மட்டத்தில் காற்றுப்பட இருக்க வேண்டிய பகுதி. அங்கு ஈரம் நிலைத்தால் பட்டை அழுகும்.

இனி மண்ணைப் பற்றிக் கூற வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு என்பது நாற்றங்கால்களில் நெடுங்காலமாகப் புழங்கும் கலவை. ஆற்று மணல் அரிதாகிவிட்ட இக்காலத்தில் மணலின் பங்கு குறைந்து, களிப்பாங்கான மண்ணே பைகளை நிரப்புகிறது. நிலத்தில் நன்கு வடியும் மண்கூடப் பைக்குள் வடிவதில்லை என்பது பலரும் அறியாத ஒரு மண்ணியல் உண்மை. நிலத்தில் ஆழமான மண் கீழிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். பையிலோ அந்த இழுப்பு இல்லாமையால், துளை இட்டிருந்தாலும், அடிப்பகுதியில் ஒரு நீர்ப்படலம் தங்கியே நிற்கும். மண் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு உயரத்துக்கு அப்படலம் ஏறும். அடியில் ஜல்லி போட்டால் நீர் வடியும் என்று கருதுவோர், அந்நீர்ப்படலத்தை ஜல்லிக்கு மேலே உயர்த்திவிடுகிறார்களே தவிர, அதை நீக்குவதில்லை. வேருக்கு நீரைப் போலவே ஆக்சிஜனும் வேண்டும் என்பதால், இத்தகைய பையில் வேர்கள் அடிப்பகுதியில் அழுகி, மேற்பகுதியில் நெருக்கியடித்து வளர்கின்றன. பரும்படியான துகள்கள் மிகுந்து காற்றிடைவெளியுள்ள கலவையே இதற்குத் தீர்வு.

அத்தகைய கலவைக்குத் தமிழ்நாட்டில் கையருகே கிடைப்பது தென்னை நார்க்கழிவு. ஆனால் அதைப் பச்சையாகப் பயன்படுத்துவது கேடு. அதன் கார்பன்–நைட்ரஜன் விகிதம் 100:1-ஐ ஒட்டி இருப்பதால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் கன்றுக்குரிய நைட்ரஜனைத் தாமே உண்டுவிடும். உப்பங்கழியில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த கழிவாயின் உப்பும் மிகும். சிப்பிக்காளான் வித்தையும் யூரியாவையும் அடுக்கடுக்காக இட்டு மக்கவைக்கும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில் அவ்விகிதம் ஏறத்தாழ 24:1-ஆகக் குறைகிறது. நல்ல நீரில் கழுவி, முறையாக மக்கவைத்த நார்க்கழிவு ஈரத்தையும் காற்றையும் ஒருங்கே பிடித்துவைக்கும். தொழு உரமும் நன்கு மக்கியதாக இருத்தல் வேண்டும்; இல்லாவிடில் வேர்ப்புழுவும் களைவிதையும் அதனுடன் வந்துசேரும். வேரோடு கூடி வாழ்ந்து, நுண்ணிழைகளால் மண்ணைத் துழாவி மணிச்சத்தைக் கொணர்ந்து தரும் வேர்ப்பூசணத்தைக் கலவையில் சேர்ப்பதும் பயனுடையது. ஆயின் மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டும் நாற்றங்காலில் அப்பூசணம் வேரில் நன்கு குடியேறாது.

வேர் சுருளாமல் தடுக்கும் வழி நெடுநாள்களாகவே அறியப்பட்ட ஒன்று. அமெரிக்கத் தோட்டக்கலை ஆய்வாளர் கார்ல் விட்கோம்ப் 1960-களின் பிற்பகுதியில், அடிப்பாகம் நீக்கிய பால் அட்டைப் பெட்டிகளில் கன்றுகளை வளர்த்து, உலர்காற்றைத் தொடும் வேர்நுனி தானே கருகி, அதன் பின்புறத்திலிருந்து புதிய பக்கவேர்கள் பல கிளைக்கின்றன என்பதைப் பயன்கொண்டார். இதைக் காற்றுக் கவாத்து எனலாம். நெடுக்கு வரம்புகளும் திறந்த அடியும் உள்ள வேர்க்குழாய்களை, அதாவது ரூட் டிரெய்னர்களை, தரையிலிருந்து உயர்த்திய தட்டுகளில் வைப்பது இதன் இன்றைய வடிவம். சவுக்கு, தைல மரக் கன்றுகளுக்குத் தமிழ்நாட்டில் இம்முறை பழகிவிட்டது. காகிதத் தொழிலுக்குரிய மரத்துக்குக் கிடைத்த இந்தக் கவனம் தெருவுக்கு நிழல் தரும் புன்னைக்கும் மகிழத்துக்கும் இன்னும் பரவலாகக் கிடைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. பெருமுதலீடு இயலாத சிறு நாற்றங்கால்கள், பைகளை மூங்கில் பரண்மேல் வைப்பதாலும், பை மாற்றும்போது வேர்மண் கட்டியின் வெளிப்புறத்தை ஓரிரு செ.மீ. அளவுக்குக் கூரிய கத்தியால் சீவிவிடுவதாலும் இப்பயனில் பெரும்பகுதியைப் பெறலாம். வேரை வெட்டினால் கன்று பட்டுப்போகும் என்ற அச்சம் இயல்பானது. நிழலில் வைத்து நீர்விட்டுப் பேணினால் சீவப்பட்ட இடத்திலிருந்து புதுவேர் வெளிநோக்கி விரியும்.

நடும் இடத்தில் செய்ய வேண்டியவை சுருக்கமாகச் சொல்லத் தக்கவை. பையை முற்றிலும் நீக்குதல், குழியை ஆழத்தைவிட அகலமாகத் தோண்டுதல், களிமண் குழியின் வழுக்கும் பக்கங்களைக் கீறிவிடுதல், வேர்க்கழுத்து மண்மட்டத்தில் நிற்க நடுதல், தாங்குகொம்பைத் தளர்வாகக் கட்டி ஓரிரு ஆண்டில் எடுத்துவிடுதல் ஆகியவையே அவை. அடிமரத்தைச் சுற்றி மண் திறந்திருக்க வேண்டும் என்பதில் சட்டத்தின் துணையும் உண்டு. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமென்ட் தளத்தை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் தில்லியின் அமைப்புகளுக்கு ஆணையிட்டது.

2022 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.69 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டுள்ளது. பெருமைக்குரிய இவ்விலக்கு கன்றுகளின் எண்ணிக்கையால் மட்டும் நிறைவேறாது. கன்று கொள்முதலில் உயரமே முதன்மை அளவுகோலாக இருக்கும்வரை, சிறு பையில் நெடுநாள் நிறுத்தி நெட்டையாக்கிய கன்றே விலைபோகும். வேரைப் பேணும் நாற்றங்கால்காரர் தம் உழைப்புக்கு ஈடு பெறமாட்டார். எனவே, கொள்முதல் செய்யும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில கன்றுகளை எடுத்து, மண்ணைக் கழுவி, வேரைப் பார்த்து, சுருள்வேர் மிகுந்த தொகுதியைத் திருப்பி அனுப்பும் விதியொன்றை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். அத்தகைய விதிக்குரிய அளவுகோல்களை, அதாவது எந்த வயதுக் கன்றுக்கு எந்த அளவுப் பை, எத்தனை மாதம், எவ்வளவு சுருளை ஏற்கலாம் என்பவற்றை, வேம்பு, புங்கம், பூவரசு, புன்னை, மகிழம், நீர்மருது ஆகிய மரங்களுக்கேனும் இம்மாநாட்டின் அமர்வுகள் வரையறுத்து, கலையும் முன் எழுத்து வடிவில் அரசுக்கும் மாநகராட்சிகளுக்கும் அளிக்க வேண்டுமென அவை உறுப்பினர் அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.