மந்திரக்கோலும் கறுப்புக் கயிறும்

(வானொலியில் ஒலித்த மறையுரை)



அண்மையில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் கண்கலங்கி நின்றார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகன் மூன்று வாரமாக மறைக்கல்விக்கு வரவில்லை. தொலைக்காட்சியில் தமிழில் பேசும் ஹாரி பாட்டர் படத்தைப் பார்த்ததாக வகுப்பில் சொல்லியிருக்கிறான். அது சாத்தானின் படம் என்று யாரோ பெரியவர் மிரட்டிவிட்டார். பிள்ளை இரவில் தூங்குவதில்லையாம். “படம் பார்த்தது பாவமா, சாமி?” என்று கேட்டார்.

திருச்சபைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஹாரி பாட்டர் நூல்களைக் குறைகூறி ஜெர்மானியர் ஒருவர் எழுதிய புத்தகத்தை 2003இல் பாராட்டிக் கடிதம் எழுதியவர் கர்தினால் ராட்சிங்கர்; பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட். 2009இல் வத்திக்கான் நாளிதழான ஒசர்வாத்தோரே ரொமானோ ஆறாவது ஹாரி பாட்டர் படத்தைப் பாராட்டியது. நன்மைக்கும் தீமைக்கும் நடுவே தெளிவாகக் கோடு போடுகிறது என்றது. ஆக, நல்ல கத்தோலிக்கர் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையிலும் மந்திரவாதி உண்டு. அதை எழுதிய டோல்கீன் பற்றுள்ள கத்தோலிக்கர். தீய மோதிரம் அழிகிற நாளை அவர் மார்ச் 25 என்று வைத்தார். ஆண்டவருடைய பிறப்பின் அறிவிப்பைக் கொண்டாடும் நாள் அது.

2006இல் ‘டா வின்சி கோட்’ படத்தை எதிர்த்தோம். தமிழக அரசு தடை விதித்தது; சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அது வேறு வகை. நம் ஆண்டவரின் வாழ்வைப் பற்றியே கதை கட்டிய படம். மனம் நொந்ததில் நியாயம் இருந்தது. ஆனாலும் அன்று குரல் கொடுத்த நம்மில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தோம்?

சரி, கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி என்ன சொல்கிறது? 2116, 2117 ஆகிய எண்களை எடுத்துப் பாருங்கள். சோதிடம், கைரேகை, குறி கேட்பது, சூனியம் எல்லாம் கூடாது என்கிறது. தாயத்துக் கட்டுவதையும் கண்டிக்கிறது. கற்பனைக் கதையைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

இதை அந்தத் தாயிடம் சொல்லிக்கொண்டே பிள்ளையின் கையைப் பார்த்தோம். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, அதில் ஒரு தகடு. காய்ச்சல் வந்தபோது மந்திரித்துக் கட்டியதாம்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் மாவட்டங்களுக்குப் பெருமையான ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், பரமார்த்த குரு கதையும் எழுதினார். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கிய சீடர்களை நினைத்து இன்றும் சிரிக்கிறோம். அதே பூசணிக்காயில் அரக்கன் முகம் வரைந்து புதுவீட்டு வாசலில் திருஷ்டிக்குத் தொங்கவிடுகிறோம்! பங்கு இல்லத்துக்கு வண்டி வாங்கிய அன்று யாரோ சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நாமும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். ஒரு வார்த்தை பேசவில்லை.

நம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறையில் யாளி செதுக்குவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் இவர்கள். யாளி காட்டில் திரிகிற விலங்கல்ல என்று அவர்களுக்குத் தெரியும். மந்திரக்கோலும் அப்படித்தான். கையில் கட்டிய கயிறு அப்படியல்ல. இது உன்னைக் காக்கும் என்று பெரியவர்கள் நிஜமாகவே சொல்லிக் கட்டுகிறார்கள், பிள்ளை நம்புகிறது.

படத்தில் பயமூட்டும் காட்சிகள் உண்டு. சிறு பிள்ளைகளைத் தனியே பார்க்க விடாதீர்கள். கூட உட்காருங்கள். விளம்பரம் வரும்போது, யார் நல்லவர், ஏன் என்று கேளுங்கள்.

அந்தப் பிள்ளையிடம், நீ செய்தது பாவமில்லை, ஞாயிறு வகுப்புக்கு வா என்று சொல்லி அனுப்பினோம். தாய் மட்டும் தயங்கி நின்றார். “கயிற்றை அவிழ்த்துடலாம் சாமி. ஆனா கட்டினது அவன் பாட்டி. அவங்க மனசு கஷ்டப்படுமே.” பாட்டியைப் பார்க்க இந்த வியாழன் மாலை அவர்கள் வீட்டுக்குப் போகிறோம்.