பதினாறு வயதின் கடிகாரம்



வளரிளம் பருவத்தின் சிக்கல்களையும் மூளையையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். காதல், கோபம், கைப்பேசி என்று பட்டியல் நீளும். நான் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "ராத்திரி பன்னெண்டு வரைக்கும் முழிச்சிருக்கான், காலையில தண்ணி தெளிச்சாலும் எழுந்திருக்க மாட்டேங்கிறான்" என்று சொல்லாத பெற்றோர் இந்த அரங்கில் குறைவு. அதைச் சோம்பல், திமிர் என்ற கணக்கில் எழுதிவிடுகிறோம். அந்தக் கணக்கைத் திருத்த வேண்டும்.

1976-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கேடன் என்ற ஆய்வாளர் கோடை விடுமுறையில் ஒரு தூக்க முகாம் தொடங்கினார். பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அடுத்தடுத்த கோடைகளிலும் வந்தார்கள். இரவில் பத்து மணி நேரம் படுக்கை. வயது ஏற ஏறத் தூக்கம் குறையும் என்பது எதிர்பார்ப்பு. குறையவில்லை, ஏறக்குறைய ஒன்பதேகால் மணி நேரம் தூங்கிக்கொண்டே இருந்தார்கள். பருவ வளர்ச்சியின் நடுக்கட்டத்தை எட்டியவர்களுக்கோ, அதே அளவு தூங்கியும் பகலில் கண் சொக்கியது. கைப்பேசி எவர் கையிலும் இல்லாத காலம் அது என்பதையும் கவனியுங்கள்.

மூளையின் அடியில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு சிறு நரம்புக் கொத்துதான் நம் உடலின் நாள் கடிகாரம். இருட்டியதும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைப்பது அது. வளரிளம் பருவத்தில் அந்தச் சுரப்பு பிந்துகிறது; சிலருக்கு இரண்டு மணி நேரம் வரை. விழித்திருக்கும் நேரத்தோடு கூடிக்கொண்டே போகும் தூக்க அழுத்தமும் மெதுவாகவே ஏறுகிறது. பத்து மணிக்குப் படு என்றால் படுப்பான், தூக்கம் வராது. கைப்பேசி வெளிச்சம் இதை இன்னும் தள்ளிப்போடும் என்பது உண்மைதான். ஆனால் முழுப் பழியையும் அதன் தலையில் போடுவது நமக்கு வசதி, அவ்வளவே. இருபது வயதை ஒட்டி இந்தப் பிந்தல் உச்சம் தொட்டுப் பிறகு குறையத் தொடங்குவதை 2004-இல் ஜெர்மானிய ஆய்வாளர் டில் ரோனபெர்க் குழுவினர் காட்டினார்கள்.

கார்ஸ்கேடன் 1998-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, காலை 7:20-க்குப் பள்ளி தொடங்கும் பத்தாம் வகுப்பு மாணவர்களைப் பற்றியது. காலையில் படுக்கவைத்துச் சோதித்தபோது ஏறக்குறையப் பாதிப் பேர் சில நிமிடங்களிலேயே கனவுத் தூக்கத்துக்குள் போய்விட்டார்கள். அவர்கள் மூளைக்கு அது இன்னும் இரவு.

தூக்கம் போனால் நிதானமும் ஆட்டம் காணும். ஓர் இரவு முழுக்கத் தூங்காத இளைஞர்களின் மூளையை 2007-இல் படமெடுத்துப் பார்த்தார்கள். அச்சத்துக்கும் சினத்துக்கும் தொடர்புடைய அமிக்டலா வழக்கத்தைவிட மிகுதியாகத் துடித்தது. அதை அடக்கிவைக்கும் முன்நெற்றிப் பகுதியின் பிடி தளர்ந்திருந்தது. அந்த முன்நெற்றிப் பகுதி முழுதாக முதிர்வதே இருபதுகளின் நடுவில்தான். பதினைந்து வயதுக்காரன் காலையில் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்துவதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பள்ளி நேரத்தையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016-இல் மேல்நிலைப் பள்ளிகளின் தொடக்கத்தை 7:50-இலிருந்து 8:45-க்கு மாற்றியது. பிள்ளைகள் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள் என்று பயந்தார்கள். மணிக்கட்டுக் கருவியில் பதிவானதோ, நாளுக்கு 34 நிமிடக் கூடுதல் தூக்கம். கலிஃபோர்னியா இதைச் சட்டமாகவே ஆக்கியது: 2022 ஜூலை முதல், சில கிராமப்புறப் பகுதிகள் தவிர, உயர்நிலைப் பள்ளிகள் 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது.

'நம் பள்ளிகள் ஒன்பது மணிக்குத்தானே?' என்பீர்கள். பெயரளவுக்கு. ஆறு மணிக்கு டியூஷன், ஆறே முக்காலுக்கு வேன், ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ். விடுதிகளில் நாலரைக்கே மணி. வைகறையில் எழச் சொன்னது ஔவைதானே என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். அகல்விளக்குக் காலத்து ஊர் எத்தனை மணிக்கு அடங்கியிருக்கும் என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

சிறப்பு வகுப்பை மாலைக்கு மாற்றத் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் போதும். பெண் பிள்ளைகள் இருட்டில் வீடு திரும்ப வேண்டுமே என்பார்கள். நியாயமான கவலை. டவுன் பஸ் அரிதாக வரும் ஊர்களில், மாலை ஆறரை மணிக்கு ஒரு பேருந்து கேட்டு மனு எழுதுவதிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டியிருக்கும்.